கேட்டுவிட்டுக் கொடுக்கும் கம்பி



‘வயர்லெஸ்’ என்கிறோம், ‘கம்பியில்லா இணைப்பு’ என்று அதைத் தமிழிலும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் உங்கள் பள்ளியிலோ, நூலகத்திலோ, இரயில் நிலையத்திலோ ஒருமுறை கூரையை அண்ணாந்து பாருங்கள். வெள்ளைத் தட்டுப் போன்ற ஒரு பெட்டி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வைஃபை பெட்டி. கடைக்காரர்கள் ஆக்சஸ் பாயிண்ட் என்பார்கள். உங்கள் கையிலுள்ள கருவிக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையில்தான் கம்பி இல்லை. பெட்டிக்குப் பின்னால் கம்பி உண்டு. செய்தியைக் கொண்டுவர ஒரு கம்பி வேண்டும். பெட்டி வேலை செய்ய மின்சாரமும் வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே கம்பியில் அனுப்பலாமா? அனுப்பினால் எந்த முறையில் அனுப்ப வேண்டும்? ‘இது மின்பணியாளரும் வியாபாரியும் பேசி முடிக்கவேண்டிய சங்கதி, நமக்கென்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை ஓர் ஏணி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஓர் ஏணியும் ஒரு மணிக்கட்டும்

2023ஆம் ஆண்டு மழைக்காலம். நான் இயற்பியல் கற்பிக்கும் கல்லூரியில் கருத்தரங்கக் கூடத்தின் கூரையில் ஒரு வைஃபை பெட்டி இருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்க, பொய்க்கூரைக்கு மேலே 230 வோல்ட் இணைப்பை நீட்டி, ஒரு பிளக் பாயிண்ட் வைத்து, அதில் அடாப்டரைச் செருகியிருந்தார்கள். மொட்டைமாடியிலிருந்து கசிந்த நீர் அந்த இடத்திற்கு வந்துசேர்ந்தது யாருக்கும் தெரியாது. பெட்டி அணைந்துவிட்டது. ஆய்வக உதவியாளர் ஏணி போட்டு ஏறி, அடாப்டரைத் தொட்டார். மின்னதிர்ச்சி சிறியதுதான், ஆனால் கை உதறியதில் நிலை தவறி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவரால் ஒரு குடுவையைத் தூக்க முடியவில்லை.

“தலை தப்பியதே, சார், அதைச் சொல்லுங்கள்” என்றார் அவர், மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. அந்தப் பெட்டி கேட்பது சுமார் 12 வாட். வீட்டில் எரியும் ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கு அளவுதான். அதற்காக 230 வோல்ட்டை ஏன் கூரைவரை ஏற்ற வேண்டும்? ஏற்கனவே செய்திக் கம்பி ஒன்று அங்கே போகிறதே, அதுவே இந்தச் சிறு மின்சாரத்தையும் எடுத்துச் செல்லாதா?

எடுத்துச் செல்லும். இதற்கான பொதுத் தரம் 2003ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ‘பவர் ஓவர் ஈதர்நெட்’ என்று அதற்குப் பெயர். பள்ளி, கல்லூரி, நூலகம் போன்ற பொதுக் கட்டடங்களில் வைஃபை பெட்டிகளுக்கு இந்த முறையில்தான், அதுவும் அதன் தரம் பிறழாமல்தான், மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘தரம் பிறழாமல்’ என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் பின்னால் விளக்குகிறேன்.

ஈதர் என்ற பழைய பெயர்

முதலில் பெயரைப் பார்ப்போம். ஒளி அலை பரவ ஓர் ஊடகம் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் நம்பினர். அதற்கு ‘ஈதர்’ என்று பெயரிட்டனர். 1887இல் மைக்கெல்சனும் மார்லியும் செய்த சோதனை அந்த ஈதரைத் தேடிக் காணாமல் திரும்பியது. 1905இல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்று காட்டினார். இயற்பியல் கைவிட்ட அந்தப் பெயரை 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் இராபர்ட் மெட்காஃப் எடுத்துக்கொண்டார். கணினிகள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு செய்தி ஊடகத்துக்கு ‘ஈதர்நெட்’ என்று பெயர் வைத்தார். அன்று அந்த ஊடகம் தடித்த ஒரு கேபிள். பின்னர்தான் முறுக்கிய இணைக்கம்பிகள் அதன் இடத்தைப் பிடித்தன.

இந்த முறுக்கிய இணைக்கம்பியும் பழைய சரக்குத்தான். தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கம்பிகளைப் பின்னல்போல் முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் மின்காந்தத் தொல்லை இரண்டிலும் சமமாகவே விழும். செய்தியோ இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இருக்கிறது. வேறுபாட்டை மட்டும் படித்தால், சமமாக விழுந்த தொல்லை கழிந்துபோகும்.

இன்று நீங்கள் கடையில் வாங்கும் லேன் கேபிளின் உறையை நீக்கிப் பார்த்தால் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்குகளாக இருப்பதைக் காணலாம்.

இரண்டு சவாரி, ஒரே வண்டி

செய்தி ஓடும் கம்பியில் மின்சாரத்தை விட்டால் செய்தி குழம்பாதா? நல்ல கேள்வி. சற்றுமுன் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். செய்தி என்பது ஓர் இணையின் இரு கம்பிகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு. அந்த இணையின் இரண்டு கம்பிகளையும் ஒருசேர 48 வோல்ட்டுக்கு உயர்த்திவிட்டால் அவற்றின் வேறுபாடு மாறுமா? மாறாது. ஓடும் படகில் இரண்டு சிறுவர்கள் பந்து எறிந்து விளையாடுவதாகக் கொள்ளுங்கள். ஆற்று வெள்ளம் படகை எவ்வளவு உயர்த்தினாலும் அவர்களுக்கிடையே உள்ள உயர வேறுபாடு அப்படியேதான் இருக்கும். அதுபோலவே இதுவும்.

எனவே ஓர் இணையை முழுவதுமாக நேர்முனைக் கம்பியாகவும், இன்னோர் இணையை முழுவதுமாக எதிர்முனைக் கம்பியாகவும் வைத்துக்கொள்ளலாம். கேபிளின் இரு முனைகளிலும் சிறு மின்மாற்றிகள் உண்டு. அவற்றின் சுருளுக்கு நட்டநடுவே ஒரு முனை எடுத்து, அதில் நேர்மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். நடுவில் நுழைந்த மின்னோட்டம் சுருளின் இரு பாதிகளிலும் சமமாகப் பிரிந்து எதிரெதிர்த் திசைகளில் ஓடுகிறது. ஒரு பாதி உண்டாக்கும் காந்தப்புலத்தை மறுபாதி உண்டாக்கும் காந்தப்புலம் அழித்துவிடுகிறது. ஆகவே மின்மாற்றிக்கு இந்த மின்சாரம் ஓடுவதே தெரியாது. செய்திக்கு மட்டும் அது வழிவிடும். தொலைபேசித் துறையினர் நெடுங்காலம் கையாண்ட உத்தி இது.

ஏன் 48 வோல்ட்?

இனி உங்கள் பாடநூலை விரியுங்கள். ஓம் விதியும், திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்ற வாய்பாடும் போதும்.

லேன் கேபிளின் ஒரு கம்பி ஏறத்தாழ 0.51 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு. 100 மீட்டர் நீளத்துக்கு அதன் மின்தடை சுமார் 8.4 ஓம். தரப்படி ஓர் ஈதர்நெட் இணைப்பின் நீள எல்லையும் 100 மீட்டர்தான். போகும்போது இரண்டு கம்பிகள் பக்க இணைப்பில் இருப்பதால் 4.2 ஓம், திரும்பும்போதும் 4.2 ஓம். ஆக, சுற்று முழுவதற்கும் 8.4 ஓம்.

இப்போது 12 வாட் திறனை 12 வோல்ட்டில் அனுப்பிப் பார்ப்போம். மின்னோட்டம் 1 ஆம்பியர். கம்பியிலேயே விழும் மின்னழுத்தம் 8.4 வோல்ட். பெட்டிக்குப் போய்ச்சேர்வது 3.6 வோல்ட், அதாவது 3.6 வாட் மட்டும். மீதி 8.4 வாட்டும் கம்பியைச் சுடவைக்கவே செலவாகிறது. அதே 12 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்புங்கள். மின்னோட்டம் 0.25 ஆம்பியர். கம்பியில் விழுவது 2.1 வோல்ட். இழப்பு 0.25 × 2.1, அதாவது சுமார் 0.53 வாட். பெட்டிக்குச் சுமார் 11.5 வாட் கிடைக்கிறது. மின்னழுத்தம் நான்கு மடங்கானதும் இழப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்ததைக் கவனித்தீர்களா? ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் உயர்மின்னழுத்தக் கோபுரங்களின் தத்துவமும் இதுவே.

அப்படியானால் இன்னும் உயர்த்தி 200 வோல்ட்டில் அனுப்பலாமே என்று தோன்றும். கூடாது. நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட் வரையே ‘மிகக் குறைந்த மின்னழுத்தம்’ எனப் பாதுகாப்பு விதிகள் ஏற்கின்றன. ஆகவே இத்தரம் 57 வோல்ட்டைத் தன் உச்சவரம்பாக வைத்துக்கொண்டது. ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் உயிர்ப் பாதுகாப்பு. இரண்டுக்கும் நடுவே கண்ட இடம்தான் 48 வோல்ட்டை ஒட்டிய அளவு. தொலைபேசி நிலையங்களும் நெடுங்காலமாக 48 வோல்ட் மின்கலத்தொகுதியிலிருந்தே வீட்டுத் தொலைபேசிகளுக்கு மின்சாரம் கொடுத்தன. ஊரில் மின்சாரம் நின்றபோதும் பழைய தொலைபேசி பேசியதன் மர்மம் இதுதான்.

2003ஆம் ஆண்டுத் தரம் எப்படிக் கணக்கிட்டது என்பதையும் சரிபார்க்கலாம். மிக மோசமான நிலையாக 44 வோல்ட், 0.35 ஆம்பியர், சுற்றின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டார்கள். அனுப்பும் திறன் 44 × 0.35 = 15.4 வாட். கம்பியில் விழுவது 0.35 × 20 = 7 வோல்ட். மீதி 37 வோல்ட். 37 × 0.35 = 12.95 வாட். தரத்தின் ஏட்டிலும் இதே 15.4, 12.95 என்ற எண்கள்தான் இருக்கின்றன. பன்னாட்டுப் பொறியாளர்கள் கூடிச் செய்த கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு தாளில் சரிபார்த்துவிடலாம்! பின்னர் 2009இல் வந்த தரம் 30 வாட் அனுப்பிக் கருவியிடம் 25.5 வாட் சேர்ப்பிக்கிறது. 2018இல் வந்தது நான்கு இணைகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை அனுப்புகிறது.

கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி

என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது இந்தக் கணக்கல்ல. மின்சாரம் கொடுக்கும் பெட்டி நடந்துகொள்ளும் விதம். லேன் கேபிள் போய்ச்சேரும் இடத்தில் வைஃபை பெட்டிதான் இருக்கும் என்பது என்ன நிச்சயம்? ஒரு பழைய கணினி இருக்கலாம், அச்சுப்பொறி இருக்கலாம். அவற்றுக்கு இந்த 48 வோல்ட் நஞ்சு. ஆகவே கொடுக்கும் பெட்டி முதலில் 10 வோல்ட் அளவுக்குள் அடங்கிய மிகச் சிறிய மின்னழுத்தத்தை அனுப்பி, எதிரே இருக்கும் மின்தடையை அளக்கிறது. மின்சாரம் வேண்டும் கருவி தன் வாசலில் 25,000 ஓம் மின்தடை ஒன்றை அடையாளமாக வைத்திருக்கும். அந்த அடையாளம் தெரிந்தால்தான் அடுத்த படி. தெரியாவிட்டால் 48 வோல்ட் புறப்படாது.

இதில் ஒரு நுட்பம். பெட்டி ஒருமுறை அளப்பதில்லை. இரண்டு வெவ்வேறு மின்னழுத்தங்களில் அளக்கிறது. ஏன்? கருவியின் வாசலில் டயோடுகளும் இருக்கின்றன. அவை தம் பங்குக்குச் சிறிது மின்னழுத்தத்தை விழுங்கிவிடும். 1.4 வோல்ட் விழுங்குவதாகக் கொள்வோம். 4 வோல்ட் கொடுத்தால் 25,000 ஓமுக்குக் கிடைப்பது 2.6 வோல்ட், மின்னோட்டம் 0.104 மில்லி ஆம்பியர். 4 வோல்ட்டை இதனால் வகுத்தால் 38,000 ஓமுக்கு மேல் என்று தவறான விடை வரும். 8 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் 0.264 மில்லி ஆம்பியர். இப்போது இரண்டு அளவுகளின் வேறுபாட்டை எடுங்கள். 4 வோல்ட்டை 0.16 மில்லி ஆம்பியரால் வகுத்தால் சரியாக 25,000 ஓம்! வரைபடத்தில் சாய்வு காண ஆசிரியர் ஏன் இரண்டு புள்ளிகளை எடுக்கச் சொல்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அடுத்து ‘உனக்கு எவ்வளவு வேண்டும்?’ என்று கேட்டு, கருவியின் வகுப்பை அறிந்துகொள்கிறது. அதன்பிறகே முழு மின்னழுத்தம். கொடுத்த பின்னும் கவனிப்பு நிற்பதில்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டால் மின்னோட்டம் நின்றுபோனதை உணர்ந்து, அரை நொடிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. நம் வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயிண்ட் இப்படி எதையும் கேட்பதில்லை. அதில் ஆணியைச் செருகினாலும் 230 வோல்ட் தயாராக நிற்கிறது.

கேட்காமல் கொடுக்கும் மலிவுப் பெட்டி

மேலே சொன்ன விபத்துக்குப் பின் எங்கள் கல்லூரியில் ஒரு குழு அமைத்தார்கள். ஒரே கம்பி முறைக்கு மாறுவது என்று முடிவாயிற்று. விலைப்பட்டியல்கள் வந்தன. மிகக் குறைந்த விலைக்கு ஒருவர் கொடுத்தார், அதையே வாங்கினோம். அந்தப் பெட்டி 24 வோல்ட்டை எதையும் கேளாமல் கம்பியில் தள்ளுவது. ‘பேசிவ்’ வகை என்பார்கள்.

ஒரு வாரம் நன்றாக நடந்தது. பிறகு ஒரு மாணவி, எந்தக் கேபிள் எது என்று தெரியாமல், அதைத் தன் துறைக் கணினியில் செருகிவிட்டார். கணினியின் இணைப்பு வாய் கருகியது. கணக்குப் பார்த்தால் வியப்பில்லை. இப்படிப்பட்ட இணைப்பு வாய்களில் இணைகளை முடித்துவைக்கும் 75 ஓம் சிறு தடைகள் உண்டு. சுற்றில் இரண்டு சேர்ந்தால் 150 ஓம். 24 வோல்ட்டில் 0.16 ஆம்பியர் ஓடும், 3.84 வாட் வெப்பம் பிறக்கும். எள்ளளவுள்ள அந்தத் தடைகள் இதை எப்படித் தாங்கும்? அந்த மாணவி அழுதுகொண்டே வந்து, “சார், நான்தான் உடைத்துவிட்டேன்” என்றார். “நீ உடைக்கவில்லை, அம்மா. நாங்கள் வாங்கியபோதே உடைத்துவிட்டோம்” என்றேன்.

அந்த வகைப் பெட்டியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒரே கருவிக்கென்று அளவாகச் செய்து, யாரும் கைவைக்காத கோபுர உச்சியில் வைத்தால் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் நூறு கைகள் நூறு கேபிள்களைச் செருகி எடுக்கும் கல்விக்கூடத்தில் அதற்கு இடமில்லை. ஒருவர் அறியாமல் செய்யும் சிறு பிழையைத் தாங்கிக்கொள்ளாத சாதனத்தை மாணவர் கையருகே வைப்பது வைத்தவரின் குற்றம்.

செம்பு பூசிய அலுமினியம்

இன்னொரு மலிவும் உண்டு. சந்தையில் சில லேன் கேபிள்கள் வெளியே செம்பாகவும் உள்ளே அலுமினியமாகவும் இருக்கின்றன. செம்பு பூசிய அந்தக் கம்பியின் மின்தடை முழுச் செம்பைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நம் 8.4 ஓம் இப்போது 13 ஓமை நெருங்கும். 2009ஆம் ஆண்டுத் தரம் சுற்றுக்கு அனுமதிக்கும் உச்ச அளவோ 12.5 ஓம். 0.6 ஆம்பியர் ஓடினால் முழுச் செம்பில் சுமார் 3 வாட் வெப்பமாகும், இதில் 4.7 வாட் வெப்பமாகும். ஒரு கேபிளில் இது பெரிதல்ல. ஐம்பது கேபிள்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, மொட்டைமாடிக்குக் கீழே வெயிலில் வேகும் குழாய்க்குள் அடைத்தால்? செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 0.39 விழுக்காடு கூடும். 20 பாகையில் அளந்த கம்பி 45 பாகையில் பத்து விழுக்காடு கூடுதலாகத் தடுக்கும். வெப்பம் மின்தடையை வளர்க்கும்; மின்தடை வெப்பத்தை வளர்க்கும்.

கண்டுபிடிப்பது எளிது. எதிலும் இணைக்காத ஒரு துண்டுக் கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அலுமினியம். கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

மறுப்புகளும் நியாயமானவையே

என் நண்பர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

“முறையாக வயரிங் செய்து, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவியையும் வைத்திருந்தால் அந்த உதவியாளர் விழுந்திருக்கவே மாட்டார்” என்றார் ஒருவர். உண்மை. அந்தக் கருவி எப்படியும் வேண்டும். ஆனால் நாற்பது வகுப்பறைக் கூரைகளில் நாற்பது 230 வோல்ட் முனைகளை வைத்து நாற்பதையும் ஆண்டுதோறும் சோதிப்பதைவிட, அந்த முனைகளே இல்லாமல் செய்வது மேல்.

“கொடுக்கும் பெட்டி ஒன்று பழுதானால் எல்லா வைஃபையும் நின்றுவிடுமே” என்றார் மற்றொருவர். இதுவும் உண்மை. மாற்றுப் பெட்டி ஒன்று கைவசம் வேண்டும். அதே சமயம், பழுது ஓரிடத்தில் இருந்தால் தரையில் நின்றே பார்க்கலாம்; நாற்பது இடங்களில் இருந்தால் நாற்பது முறை ஏணி ஏற வேண்டும். மின்தடை நேரத்திலும் இதே நன்மை. பன்னிரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 12 வாட் என்றால் மொத்தம் 144 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்–மணி மின்கலம் ஒன்றில் 1,200 வாட்–மணி உண்டு. மாற்றும்போது ஏற்படும் இழப்பையும், மின்கலத்தை முழுதும் வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்தால்கூட நான்கு மணி நேரம் தாங்கும். ஓரிடத்தில் ஒரு யூ.பி.எஸ். போதும்.

“விலை கூடுதல்” என்பது மூன்றாவது மறுப்பு. ஆம், கூடுதல்தான். தலைமையாசிரியர் அறையில் ஒரே ஒரு பெட்டி, அருகிலேயே பிளக் பாயிண்ட் என்றால் அடாப்டரே போதும். வீண் செலவு வேண்டாம். இரண்டு மூன்று பெட்டிகள் என்றால் தரத்துக்கு உட்பட்ட சிறு இன்ஜெக்டர்களே போதும். ஒரு மாடி முழுவதும் என்றால்தான் பெரிய பெட்டி. அப்போதும் விழிப்பு வேண்டும். 24 வாய்களுள்ள பெட்டி ஒவ்வொன்றிலும் 15.4 வாட் கொடுக்க மொத்தம் சுமார் 370 வாட் வேண்டும். விலை குறைந்த பெட்டியில் வாய்கள் 24 இருக்கும். வாட் அதற்குப் போதாமல் இருக்கலாம். வாய்களை எண்ணாதீர்கள், வாட்டை எண்ணுங்கள்.

இம்முறை செல்லாத இடமும் உண்டு. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கம்பியை இழுத்தால் இடி மின்னலின் தாக்கம் அதன் வழியே உள்ளே வரும். அங்கே கண்ணாடி இழைதான் ஏற்றது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மின்னலைக் கொண்டுவராது, நம் 48 வோல்ட்டையும் கொண்டுபோகாது. அடுத்த கட்டடத்தில் மின்சாரம் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி வைக்கத்தான் வேண்டும்.

நீங்கள் கேளுங்கள்

எங்கள் கல்லூரி 2024இல் தரத்துக்கு உட்பட்ட பெட்டிகளை வாங்கியது. கேட்காமல் கொடுத்தவற்றை ஆய்வகத்தில் ஒரு மேசைமேல் வைத்திருக்கிறேன், பாடம் நடத்த. உதவியாளரின் மணிக்கட்டு குணமாகிவிட்டது. ஆனால் மழை நாளில் வலிக்கிறது என்கிறார். ஒரே கம்பி முறையை நாங்கள் ஓராண்டு முன்னரே சிந்தித்திருந்தால் அந்த வலி இருந்திராது. சிந்திக்கத் தேவைப்பட்டதெல்லாம் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் ஓம் விதிதான். அதைத் தேர்வுத்தாளுக்கென்று வைத்துக்கொண்டேன், கூரைக்குக் கொண்டுபோகவில்லை.

நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள். உங்கள் பள்ளியில் வைஃபை வருகிறது என்றால் ஆசிரியரிடம் பணிவாக நான்கு கேள்விகள் கேளுங்கள்: கூரையில் 230 வோல்ட் ஏறுகிறதா? கொடுக்கும் பெட்டி கேட்டுவிட்டுக் கொடுக்கிறதா? கம்பி முழுச் செம்பா? மொத்தம் எத்தனை வாட்?

வீட்டில் ஒரு சோதனையும் செய்யலாம். இணைப்பு வாய்களில் கைவைக்க வேண்டாம். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, 1.5 வோல்ட் மின்கலங்கள் நான்கு, ஒரு சாதாரண டயோடு, ஒரு 25,000 ஓம் மின்தடை (கடையில் 24,000 ஓம் கிடைத்தாலும் சரி), ஒரு மல்டிமீட்டர் போதும். டயோடையும் மின்தடையையும் தொடராக இணைத்து, முதலில் 6 வோல்ட்டிலும் பிறகு 9 வோல்ட்டிலும் மின்னோட்டத்தை அளங்கள். ஒற்றை அளவீட்டில் கிடைக்கும் மின்தடையையும், வேறுபாட்டில் கிடைக்கும் மின்தடையையும் ஒப்பிடுங்கள். எது உண்மைக்கு அருகில் நிற்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

கொடுப்பதற்கு முன் கேட்பது ஒரு சிறு பெட்டிக்கே தெரிந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் கேட்பதை நாமும் பழகிக்கொள்வோம்.